'வா' என்றால் வராத பெடல்: பழைய வா-வா பெடல்களில் பழுது தேடுவது

காலால் ஆட்டினால் கிட்டார் ஒலியை 'வா... வா' என்று பேசவைக்கும் பெட்டிதான் வா-வா பெடல். பழைய வா-வா பெடல் மக்கர் செய்தால் கிட்டார்காரர்கள் முதலில் சந்தேகப்படுவது அதற்குள் இருக்கும் இண்டக்டரை, அதாவது கம்பிச் சுருளைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதன்முதலில் கைக்கு வந்த பழைய இத்தாலியப் பெடலில் ஒலி மெலிந்து, 'வா' சப்பென்று இருந்தது. இண்டக்டர் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, அதைப் பிடுங்கிவிட்டுப் புதிது வைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான், பக்கத்தில் அப்பாவியாக நின்றிருந்த 4.7 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் காய்ந்து போயிருப்பது தெரிந்தது. அதற்குள் பிடுங்கிய இண்டக்டரின் மெல்லிய கம்பி வேரோடு அறுந்துவிட்டது. நல்ல பாகத்தை நானே கொன்ற கதை அது.

அதனால் இங்கே சொல்லப்போவதெல்லாம் ஒரே விதியைச் சுற்றித்தான்: இண்டக்டரைக் கடைசியாகத் தொடுங்கள். அதற்கு முன் பெடலே எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடும். காதைக் கொடுத்தால் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் தேடுவது சுலபம். 1966-ல் அமெரிக்காவின் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் என்ற இளம் பொறியாளர், வாக்ஸ் ஆம்ப்ளிஃபயரில் நடு அலைவரிசையைத் தூக்கிக் காட்டும் ஒரு சுவிட்சுக்குப் பதிலாக ஒரு பொட்டென்ஷியோமீட்டரை (சுருக்கமாகப் 'பாட்', சுழற்றி அளவை மாற்றும் பாகம்) வைத்துப் பார்த்தார். அதைச் சுழற்றியபோது கிடைத்த ஒலியை ஆர்கன் வால்யூம் பெடலின் கூட்டுக்குள் போட்டதும் வா-வா பிறந்தது. 1967-ல் டிரம்பெட் கலைஞர் கிளைட் மெக்காயின் பெயரைத் தாங்கி வாக்ஸ் பெடல் வெளிவந்தது. பின்னால் க்ரை பேபி என்ற பெயரிலும் வந்தது. இத்தாலியில் ஜென் நிறுவனம் இவற்றை நிறையச் செய்தது. பெயரும் பெட்டியும் மாறினாலும் உள்ளே இருக்கும் சுற்று கிட்டத்தட்ட ஒன்றுதான்: இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு இண்டக்டர், ஒரு பாட், மற்றபடி ஒரு கைப்பிடி ரெசிஸ்டரும் கெபாசிட்டரும். மறைந்து விளையாட இடமே இல்லாத சுற்று.

இண்டக்டர் ஏறக்குறைய 500 மில்லி ஹென்றி. அதோடு சேர்ந்து வேலை செய்யும் கெபாசிட்டர் 0.01 மைக்ரோ ஃபாரட். இந்த இரண்டும் தனியாக இருந்தால் 2,250 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு எழும்பும், அதாவது அந்த அலைவரிசை மட்டும் ஓங்கி ஒலிக்கும். இரண்டாவது டிரான்சிஸ்டரின் வேலை, பாட் கொடுக்கும் சிக்னலை வாங்கி அந்தக் கெபாசிட்டரின் மறுகாலில் போடுவது. எவ்வளவு சிக்னல் போகிறதோ அவ்வளவுக்கு அந்தச் சின்னக் கெபாசிட்டர் பெரிதாகிவிட்டதுபோல் நடந்துகொள்ளும், மேடு கீழே இறங்கும். குதிகாலை அழுத்தினால் 400, 500 ஹெர்ட்ஸ் வரை வந்துவிடும். முன்பாதத்தை அழுத்தினால் மேலே ஏறும். நம் காதுக்கு அது வாயைத் திறந்து மூடுவதுபோல் கேட்கிறது, அவ்வளவுதான் ரகசியம்.

திறப்பதற்கு முன்

பாதிப் பழுது பெட்டிக்கு வெளியேதான் இருக்கும். கிட்டாரை நேராக ஆம்பில் செருகிப் பாருங்கள். அதே இரண்டு கேபிளையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். மற்ற பெடல்களையெல்லாம் கழற்றிவிடுங்கள். புதிய 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், மீட்டரில் பாருங்கள்: புதியது 9-க்கு மேல் காட்டும், 7-க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

ஜாக்குகளில் எது எது என்றும் பார்த்துவிடுங்கள். பழைய பெட்டிகளில் எழுத்து தேய்ந்திருக்கும். நாம் கூட்டத்தில் அவசரமாகச் செருகுவோம். கேபிள்கள் இடம் மாறினால் ஒரு வேடிக்கை நடக்கும்: பெடல் ஆஃபில் இருக்கும்போது ஒலி ஒழுங்காக வரும், ஆன் செய்ததும் ஏறக்குறைய அடங்கிவிடும். டிரான்சிஸ்டர் போய்விட்டது என்று நினைத்துத் திருப்புளியைத் தேடியவர்கள் உண்டு. கேபிளை மாற்றிச் செருகினால் தீர்ந்தது.

திறப்பது கஷ்டமில்லை. பெரும்பாலானவற்றில் அடியில் உள்ள நான்கு ரப்பர் பாதங்களை அல்லது திருகுகளைக் கழற்றினால் அடித்தகடு வந்துவிடும். முதல் வேலையாக உள்ளே போனில் நாலு படம் எடுத்து வையுங்கள். எந்தக் கம்பி எங்கே போனது என்று பிறகு ஞாபகம் இருக்காது. நல்ல விலை போகும் பழைய பெடல் என்றால் இன்னொன்று: எதைக் கழற்றினாலும், வேலை செய்யாவிட்டாலும், தூக்கிப் போடாதீர்கள். ஒரு சின்னப் பையில் போட்டுப் பெடலோடேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன் செய்தால் சத்தமே இல்லை

ஆஃபில் ஒலி வருகிறது, ஆன் செய்தால் ஒன்றும் இல்லை. அப்படியானால் சுற்றுக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது முதல் டிரான்சிஸ்டர் வேலை செய்யவில்லை. என் அனுபவத்தில் முதலாவதுதான் அதிகம்.

பழைய பெடல்களில் தனி பவர் சுவிட்ச் கிடையாது. இன்புட் ஜாக் ஒரு ஸ்டீரியோ ஜாக். நாம் செருகும் சாதாரண பிளக், அதன் நடு வளையத்தையும் பூமி (கிரவுண்ட்) காலையும் சேர்த்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பி அந்த நடு வளையத்துக்குத்தான் போகிறது. ஐம்பது வருடம் செருகிப் பிடுங்கிய ஜாக்கில் அந்த நாக்கு வளைந்தோ களிம்பேறியோ போயிருக்கும். பேட்டரியைப் போட்டு, இன்புட்டில் கேபிளைச் செருகி, போர்டில் 9 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் பிளக்கைச் செருகிய நிலையிலேயே ஜாக்கின் நடு நாக்கைப் பாருங்கள், பிளக்கைத் தொடாமல் ஒரு மயிரிழை இடைவெளியில் நின்றுகொண்டிருக்கும். மெல்ல உள்ளே வளைத்துவிட்டால் போதும். பேட்டரி கிளிப்பையும் பாருங்கள். கசிந்த பேட்டரி அங்கே பச்சைப் பாசி படியவைத்திருந்தால் கிளிப்பையே மாற்றுவது நல்லது. சுரண்டிச் சுத்தம் செய்தது இரண்டு மாதத்தில் திரும்பக் காலை வாரும்.

மின்சாரம் வருகிறது, ஆனாலும் ஒலி இல்லை என்றால் மீட்டரை எடுங்கள். டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் பேஸ், எமிட்டர், கலெக்டர். முதல் டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டரை விட ஏறக்குறைய 0.6 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும். அதன் கலெக்டர் பேட்டரி வோல்டேஜில் பாதிக்குச் சுற்று வட்டாரத்தில், 4 வோல்ட் போல, நிற்க வேண்டும். கலெக்டர் 8, 9 என்று உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தால் டிரான்சிஸ்டர் தூங்குகிறது. அதை எழுப்ப வேண்டிய சின்ன மின்னோட்டத்தை யாரோ குடிக்கிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் லீக் ஆகும் 4.7 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். டிரான்சிஸ்டரை மாற்றுவதற்கு முன் இதை மாற்றிப் பாருங்கள். புதிதை வைக்கும்போது நெகட்டிவ் கால் பூமிப் பக்கம் போக வேண்டும், தலைகீழாக வைத்தால் புதியதும் லீக் ஆகும்.

பேட்டரி நாலே நாளில் தீர்ந்து போகிறதா? இந்தச் சுற்று ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாகத்தான் குடிக்கும், நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்காமல் போகிறீர்கள் என்பதுதான் வழக்கமான காரணம். இல்லையென்றால் உள்ளே எங்கோ ஷார்ட்.

சத்தம் வருகிறது, 'வா' மட்டும் வரவில்லை

இதுதான் ருசியான பகுதி. இங்கேதான் எல்லாரும் இண்டக்டரைப் பிடுங்குகிறார்கள்.

பெடலை ஆன் செய்து, இடக்கையால் தந்திகளை அமுக்கிக்கொண்டு வலக்கையால் 'சக் சக்' என்று வாரிக்கொண்டே பெடலை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஸ்வரம் எதுவும் இல்லாத இந்த 'சக்'கில் மேடு எங்கே நிற்கிறது என்பது பளிச்சென்று தெரியும். என்ன கேட்கிறது என்பதைப் பொறுத்து வழி மூன்றாகப் பிரிகிறது.

முதல் வகை: ஒலியில் மூக்கால் பேசுவதுபோன்ற கூர்மை இருக்கிறது, ஆனால் பெடலை எங்கே வைத்தாலும் உச்சியிலேயே, முன்பாதம் அழுத்திய நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இண்டக்டர் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம், மேடு இருக்கிறதே. பாட்டின் நடுக்காலிலிருந்து இரண்டாவது டிரான்சிஸ்டருக்குச் சிக்னல் போகவில்லை. நடுக்காலில் உள்ள கம்பி அறுந்திருக்கலாம். பெடல் ஆடும்போதெல்லாம் அதிரும் இடம் என்பதால் அங்கே அறுவது சகஜம். வெளியே உறை நன்றாக இருக்க உள்ளே கம்பி முறிந்திருக்கும், மெல்ல இழுத்துப் பார்த்தால் ரப்பர்போல் நீளும். கம்பி சரி என்றால், நடுக்காலுக்கும் டிரான்சிஸ்டருக்கும் இடையில் உள்ள 0.22 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர்.

இரண்டாம் வகை: அதேபோல் மேடு இருக்கிறது, ஆனால் அடியில், குதிகால் நிலையில், மந்தமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டின் பூமிக் கால் விட்டுப்போயிருக்கிறது. பூமி இல்லாததால் பாட் எங்கே சுற்றினாலும் முழுச் சிக்னலும் போய்க்கொண்டே இருக்கும். ஒரு சொட்டு சால்டரில் முடியும் வேலை.

மூன்றாம் வகை: மேடே இல்லை. ஒலி தட்டையாக, மெலிந்து வருகிறது. பெடலை ஆட்டினால் டோன் கொஞ்சம் அசைகிறதுபோல் ஒரு பிரமை. இங்கே சந்தேகத்துக்குரியவர்கள் மூவர்: இரண்டாவது டிரான்சிஸ்டர், 4.7 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், இண்டக்டர். இந்த வரிசையில்தான் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் முழு பேட்டரி வோல்டேஜும், எமிட்டரில் சில வோல்ட்டும் இருந்தால் அவன் உயிரோடு இருக்கிறான். எமிட்டரில் சுழி என்றால் இல்லை. பேஸில் மீட்டர் வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே பெரிய ரெசிஸ்டர் வழியாக வோல்டேஜ் வருவதால் மீட்டரே கொஞ்சத்தை இழுத்துக் குறைத்துக் காட்டும்.

அடுத்து கெபாசிட்டர். அதைக் கழற்றக்கூட வேண்டாம். புதிய 4.7 மைக்ரோ ஃபாரட் ஒன்றை எடுத்து, துருவம் பார்த்து, பழையதன் கால்கள் மேலேயே அதன் கால்களை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நண்பரை வாசிக்கச் சொல்லுங்கள். பழையது காய்ந்திருந்தால் அந்த நொடியே பெடல் வாயைத் திறக்கும். நான் இரண்டு நாள் கழித்துச் செய்த சோதனை இதுதான், அரை நிமிடம்கூட ஆகவில்லை. இண்டக்டரின் ஒரு முனை பூமியைத் தொடுவது இந்தக் கெபாசிட்டர் வழியாகத்தான். இது காய்ந்தால் எவ்வளவு நல்ல இண்டக்டரும் அந்தரத்தில் தொங்கும்.

இந்த இரண்டும் தேறிவிட்டால் இண்டக்டருக்கு வரலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெடலை ஆட்டினால் கரகரக்கிறது

கரகரப்பில் இரண்டு உண்டு. ஒன்று அழுக்கு, மற்றொன்று டிசி, அதாவது பாட்டுக்குள் புகுந்துவிட்ட பேட்டரி மின்சாரம். அழுக்கு என்றால் கரகரப்பு எப்போதும் ஒரே இடத்தில் வரும், நாம் அதிகம் ஆட்டும் நடுப்பகுதியில். டிசி என்றால் பெடல் அசையும் இடமெல்லாம் சரசரக்கும், பாட்டை மாற்றினாலும் போகாது.

மீட்டரை டிசி வோல்டில் வைத்து, பெடலை ஆன் செய்து, பாட்டின் மூன்று கால்களையும் பூமியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றிலும் சுழி வர வேண்டும். பாட்டின் இரண்டு பக்கமும் கெபாசிட்டர்கள் காவல் நிற்கின்றன, டிசி உள்ளே வரக்கூடாது. சில மில்லி வோல்ட் பரவாயில்லை. கால் வோல்ட், அரை வோல்ட் என்று காட்டினால் காவல்காரர்களில் ஒருவர் லீக், அந்த 0.22 கெபாசிட்டரை மாற்றுங்கள்.

டிசி இல்லை என்றால் சுத்தம் செய்யலாம். கேபிள்களையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பாட்டின் முதுகில் அல்லது கால்களுக்கு மேலே உள்ள சின்ன இடைவெளியில் பாட்டுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரை ஒரே ஒரு பீச்சு. பிறகு பெடலை ஐம்பது தடவை ஆட்டுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடிக்காதீர்கள். அன்று ஒழுங்காகிவிடும், பிறகு தூசியை வரவேற்று உட்கார வைக்கும்.

சுத்தம் செய்தும் போகவில்லை என்றால் கரிப்பாதை தேய்ந்திருக்கிறது. ஓம் மீட்டரை நடுக்காலிலும் ஒரு ஓரக்காலிலும் வைத்துப் பெடலை மிக மெதுவாக அழுத்துங்கள். எண் ஒழுங்காக ஏற வேண்டும். திடீரென்று எகிறிக் குதித்து இறங்கினால் அந்த இடத்தில் கரி போய்விட்டது. கெபாசிட்டர்கள் இரண்டு பக்கமும் அடைத்திருப்பதால் இதைக் கழற்றாமலே அளக்கலாம் என்பது ஒரு வசதி. மொத்த மதிப்பு 100 கிலோ ஓம் சுற்றி வரும்.

மாற்று பாட் வாங்கும்போது 100 கிலோ ஓம் என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். பழைய இத்தாலிய ஐகார் பாட் நேர்கோட்டில் ஏறாது. முதலில் சோம்பலாக, நடுவில் விறுவிறுவென்று, கடைசியில் மறுபடி சோம்பலாக ஏறும். சாதாரண வால்யூம் பாட்டைப் போட்டால் பெடல் வேலை செய்யும், ஆனால் 'வா' முழுவதும் பாதத்தின் ஒரு ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வா பெடலுக்கென்று செய்த பாட்டையே கேளுங்கள். ஓரக் கம்பிகள் இரண்டையும் மாற்றிப் பற்றவைத்துவிட்டால் பெடல் தலைகீழாக வேலை செய்யும், குதிகாலில் கூர்மை, முன்பாதத்தில் மந்தம். பயப்பட ஒன்றுமில்லை, மாற்றி வைத்துவிடுங்கள்.

'வா' வருகிறது, ஆனால் பாதிதான்

மேலே போக வேண்டிய அளவு போகவில்லை, அல்லது அடியில் முழுதாக இறங்கவில்லை. எலக்ட்ரானிக்ஸில் கை வைக்காதீர்கள், இது பல்சக்கரச் சமாச்சாரம்.

மேல்பலகையிலிருந்து ஒரு பல்சட்டம் இறங்கி, பாட்டின் தண்டில் உள்ள சின்னப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பெடலின் முழு ஆட்டத்துக்கும் பாட் முழுவதும் சுற்றுவதில்லை, ஒரு பகுதிதான். எந்தப் பகுதி என்பது பற்கள் எங்கே கவ்வியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. யாராவது முன்பு திறந்து மூடியிருந்தால், அல்லது பெடல் கீழே விழுந்திருந்தால், ஒன்றிரண்டு பல் தாவியிருக்கும்.

முதலில் சக்கரத்திலும் சட்டத்திலும் இப்போது சேர்ந்திருக்கும் இடத்தை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். சட்டத்தைச் சக்கரத்தோடு அணைத்துப் பிடிக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டைத் தளர்த்தி, சட்டத்தை விலக்கி, தண்டை ஒரே ஒரு பல் நகர்த்தி மறுபடி கவ்வ விடுங்கள். வாசித்துப் பாருங்கள். இன்னொரு பல். இரண்டு பல் சேர்த்து நகர்த்த ஆசை வரும், வேண்டாம். ஒரு பல்லுக்கே பெடலின் குணம் மாறிவிடும். மேல்பலகை முட்டுவதற்கு முன்பே பாட் தன் எல்லையில் முட்டிவிடக் கூடாது. முட்டினால் நம் உடம்பின் எடை முழுவதும் அந்தச் சின்னப் பற்களின் மேல் விழும்.

ஆட்டும்போது 'டக்' என்று பல் தாவுகிறது என்றால் அந்த பிளாஸ்டிக் துண்டு தேய்ந்திருக்கிறது, இறுக்கிப் பாருங்கள் அல்லது மாற்றுங்கள்.

மிதித்தால் ஆன் ஆகவில்லை, மிதிக்காமலே ஆகிறது

சுவிட்சின் உயரம். முன்பாதத்தை அழுத்தும்போது மேல்பலகை சுவிட்சின் தலையில் மோத வேண்டும். இடையில் உள்ள ஃபெல்ட் துண்டு தேய்ந்து மெலிந்தால் சுவிட்ச் எளிதில் அமுங்கிவிடும், வேகமாக ஆட்டும்போது தானாகவே ஆஃப் ஆகும். நட்டுகளைத் தளர்த்தி சுவிட்சை இறக்கலாம், அல்லது புது ஃபெல்ட் ஒட்டலாம். ஃபெல்ட் ஒட்டுவதுதான் எனக்குப் பிடிக்கும், கால் தொடும்போது பழைய மெத்தென்ற உணர்வு திரும்பும். சுவிட்சே செத்திருந்தால் கையால் அழுத்தினாலும் 'கிளிக்' சத்தம் கேட்டு ஒலி மாறாது, புதிது போட வேண்டியதுதான்.

ஆஃபில் இருக்கும்போதே ஒலி மங்குகிறது

இது பழுது அல்ல, பிறவிக் குணம். பழைய வா பெடல்களில் சுவிட்ச் அவுட்புட்டை மட்டும்தான் மாற்றுகிறது. பெடல் ஆஃபில் இருந்தாலும் கிட்டார் உள்ளே இருக்கும் சுற்றின் மேலேயே சாய்ந்து நிற்கிறது. சுற்றின் வாசலில் 68 கிலோ ஓம் ரெசிஸ்டர். பிக்கப்புக்கு அது பெரிய சுமை, கூர்மையான மேல் ஒலிகளை விழுங்கிவிடும். கிட்டாரை நேராக ஆம்பிலும், ஆஃபில் உள்ள பெடல் வழியாகவும் மாற்றி மாற்றிக் கேட்டால், ஜன்னலில் திரை போட்டதுபோல் வித்தியாசம் தெரியும்.

இரட்டை சுவிட்ச் போட்டு இரண்டு பக்கமும் துண்டித்துவிடுவது எல்லாரும் செய்யும் வேலை. சாதாரணப் பெடலில் தாராளமாகச் செய்யலாம். செய்தபின் மிதிக்கும்போது 'டப்' என்று வெடித்தால், உள்ளீட்டிலிருந்தும் வெளியீட்டிலிருந்தும் பூமிக்கு ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று வையுங்கள், கெபாசிட்டர்களில் தேங்கி நிற்கும் மின்னேற்றம் மெல்ல வடிந்துவிடும். ஆனால் அசல் சுவிட்சோடு இருக்கும் அறுபதுகளின் பெடல் என்றால் நான் கை வைக்க மாட்டேன். வெளியே ஒரு லூப் சுவிட்ச் பெட்டி வைத்து அதன் வழியாகப் பெடலை உள்ளே வெளியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு திருகுகூடக் கழற்ற வேண்டாம், நாளை யார் கைக்குப் போனாலும் பெடல் பெடலாகவே இருக்கும்.

உறுமுகிறது, பேசுகிறது, ஊளையிடுகிறது

உறுமல் என்றால் பெடலைக் கையில் தூக்கி ஒரு முழம் நகர்த்துங்கள், அப்புறம் அப்படியே திருப்பிப் பாருங்கள். உறுமல் ஏறி இறங்கினால் இண்டக்டர் பக்கத்தில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரைக் கேட்கிறது. சுருள்தானே, காந்தப்புலம் எங்கிருந்து வந்தாலும் காது கொடுக்கும். மூடிய ஃபெரைட் கூட்டுக்குள் இருப்பவை கொஞ்சம் தப்பிக்கும், திறந்த சுருள்கள் பாவம். அடாப்டரையும் ஆம்பையும் தள்ளி வைப்பதுதான் மருந்து. நகர்த்தினாலும் உறுமல் மாறவில்லை என்றால் ஜாக்குகளின் நட்டுகளைப் பாருங்கள். பூமித் தொடர்பு பெட்டியின் உலோகம் வழியாகப் போகிறது, நட்டு தளர்ந்தாலோ துருப்பிடித்தாலோ அது போய்விடும். அடித்தகட்டை மூடிய பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். திறந்த பெட்டி உறுமத்தான் செய்யும்.

ரேடியோ கேட்கிறதா? இன்புட் ஜாக்கிலிருந்து போர்டுக்குப் போகும் கம்பி ஆன்டெனாவாகிவிட்டது. அதைக் குறுக்கி, கவசம் உள்ள கம்பியாக மாற்றுங்கள். போதவில்லை என்றால் முதல் டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து எமிட்டருக்கு 47 அல்லது 100 பிக்கோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போட்டால் வாயை மூடிக்கொள்ளும்.

கீச்சென்ற ஊளை என்றால் இரண்டு கேள்வி. யாராவது சுவிட்சை மாற்றியிருக்கிறார்களா? அப்படியானால் உள்ளீட்டுக் கம்பியும் வெளியீட்டுக் கம்பியும் ஒட்டிக்கொண்டு போகின்றனவா என்று பாருங்கள், பிரித்துவிட்டால் நின்றுவிடும். அடுத்தது: பெடலுக்குப் பின்னால் ஃபஸ் ஃபேஸ் வகை ஃபஸ் (ஒலியைச் சிதைத்துக் கரடுமுரடாக்கும் பெடல்) இருக்கிறதா? அந்த ஃபஸ்ஸின் வாசல் மிகத் தாழ்வான மின்மறுப்பு கொண்டது. வா பெடலின் வெளியீட்டை அது அப்படியே கீழே இழுத்துப் பிடிக்கும், 'வா' மறைந்து வெறும் ஊளையோ சத்தத்தின் ஏற்ற இறக்கமோதான் மிஞ்சும். இரண்டு பெடலும் தனித்தனியே நல்லவை, சேர்ந்தால் மட்டும் சண்டை. ஃபஸ்ஸை முன்னால் வையுங்கள், அல்லது நடுவில் ஒரு பஃபர் (ஒன்றை ஒன்று இழுக்காமல் பிரித்து வைக்கும் சின்னச் சுற்று) போடுங்கள்.

மிதிக்கும்போது கிரீச்சிட்டால், பலகை ஆடும் அச்சில் ஒரு துளி கிரீஸ். அவ்வளவுதான். வழிந்து ஃபெல்ட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இண்டக்டர்

எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, மேடு இன்னும் வரவில்லை. சரி, இப்போது இவர் முறை. பேட்டரியை எடுத்துவிட்டு இண்டக்டரின் இரண்டு கால்களிலும் ஓம் மீட்டரை வையுங்கள். கழற்ற வேண்டாம். நல்ல இண்டக்டர் என்றால் வகையைப் பொறுத்துச் சில பத்து ஓமோ நூற்றுச் சொச்சமோ காட்டும். ஏறக்குறைய 33 கிலோ ஓம் காட்டினால் சுருள் அறுந்துவிட்டது என்று அர்த்தம், ஏனென்றால் நீங்கள் அளந்தது அதற்குப் பக்கத்திலேயே இணையாக நிற்கும் ரெசிஸ்டரை. அந்த ரெசிஸ்டர் இருப்பதால்தான் சுருள் அறுந்த பிறகும் முதல் டிரான்சிஸ்டருக்கு மின்னோட்டம் போய் ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது.

அறுந்திருந்தாலும் உடனே பிடுங்காதீர்கள். முடிமாதிரி மெல்லிய அந்தக் கம்பி பெரும்பாலும் சுருளுக்குள் அறுவதில்லை, கால் ஊசியோடு சேரும் இடத்தில் அறும். பூதக்கண்ணாடியில் பாருங்கள். அறுந்த முனை கண்ணுக்குத் தெரிந்தால், அதன் மேல் உள்ள வார்னிஷை நுனிக் கத்தியால் மெல்லச் சுரண்டி, ஒரு நொடி மட்டும் சூடு வைத்துச் சேர்த்துவிடலாம். ஒரு நொடிக்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் சட்டம் உருகி ஊசி சாய்ந்துவிடும். அதையும் ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறேன்.

உள்ளே அறுந்திருந்தால் மாற்றுத்தான். ஹாலோ, ஃபாசல் என்று பழைய பெயர்களில் புதிய இண்டக்டர்கள் கிடைக்கின்றன. 500 மில்லி ஹென்றிக்குச் சுற்றி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெயரைப் பற்றிக் கிட்டார்காரர்கள் விடிய விடியச் சண்டை போடுவார்கள். வேறுபாடு கேட்கிறது என்பது உண்மை. ஆனால் காய்ந்த கெபாசிட்டர் உள்ள பெடலில் எந்தப் பெயர் போட்ட இண்டக்டரும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். பழையதைப் பஞ்சில் சுற்றி, மற்ற பாகங்கள் இருக்கும் அதே பையில் போட்டு வையுங்கள்.